கோடைத் தோட்டமும் கிணற்று நீரும்

இலங்கையின் வடமுனையிலுள்ள யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லை. வழுக்கையாறு என்று ஒன்று உண்டு; ஆயினும் அது மாரியில் மட்டும் ஓடி, மழை நின்றபின் வறண்டு கிடப்பது. மலையும் இல்லை, ஆதலின் அருவியும் இல்லை. ஆண்டு முழுவதிலும் பெய்யும் மழை ஏறக்குறைய 1,250 மில்லிமீற்றர். அதிற் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை, மார்கழி என்னும் மூன்று மாதங்களிலேயே பெய்து தீர்ந்துவிடும். தை பிறந்தபின் வானம் வெளுக்கும். சித்திரையில் ஒரு சிறுமழை பெய்தாலும் பெய்யும், பெய்யாமலும் போகும். வைகாசியிலே தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று எழுந்ததாயின், ஆவணி வரையில் நிலம் காய்ந்துகொண்டே போகும். இத்தகைய நிலத்திலிருந்துதான் வெங்காயமும் மிளகாயும் கத்தரிக்காயும் தென்னிலங்கைச் சந்தைகளுக்குச் சென்றன, இன்றும் செல்கின்றன. மழையில்லா மாதங்களிலே மரக்கறி விளைவிப்பது இங்கு எவ்வாறு இயன்றது, இனியும் எவ்வாறு இயலும் என்பது சிந்திக்கத்தக்கது.

இவ்வினாவுக்கு விடை கிணற்றிலே இருக்கிறது. குடாநாட்டின் அடித்தளம் சுண்ணக்கல். முற்காலத்துக் கடலிலே வாழ்ந்த உயிர்களின் ஓடுகளும் கூடுகளும் நெடுங்காலம் படிந்து இறுகியதனால் உண்டான இக்கல்லிலே வெடிப்புகளும் துளைகளும் குகைகளும் மிகுதி. இதன்மேற் செம்மண் போர்த்திருக்கிறது. வலிகாமத்துத் தோட்டக்காரர் இதனைச் செம்பாட்டு மண் என்பர். மாரிமழை இம்மண்ணூடே விரைந்து இறங்கிக் கல்லின் துளைகளில் நிரம்பும். அவ்வாறு நிரம்பிய நீர், நிலத்தின் கீழே, சூழவுள்ள கடலின் உவர்நீரோடு தொடர்புடையதாய் இருக்கிறது. மழைநீர் இலேசானது, கடல்நீர் கனமானது. ஆதலால், தண்ணீரின்மேல் எண்ணெய் மிதப்பதுபோல, உவர்நீரின்மேல் நன்னீர் மிதந்து நிற்கிறது. வேறுபாடு ஒன்று உண்டு. எண்ணெயும் தண்ணீரும் கலப்பதில்லை. நன்னீரும் உவர்நீரும் கலக்கும். கலந்தபின் பிரிப்பது அரிது.

மிதந்து நிற்கும் இந்நன்னீரின் தடிப்பைக் கணிக்கும் விதி ஒன்றை, ஒல்லாந்து நாட்டவரான பதோன் கைபன் 1888ஆம் ஆண்டிலும், ஜெர்மானியரான ஹெர்ஸ்பெர்க் 1901ஆம் ஆண்டிலும், தனித்தனியே கண்டு வெளியிட்டனர். நிலத்தடி நன்னீர் கடல்மட்டத்துக்குமேல் 1 அடி உயர்ந்து நின்றால், கடல்மட்டத்துக்குக் கீழே ஏறக்குறைய 40 அடி வரையில் நன்னீர் இருக்கும் என்பது அவ்விதி. கல்லின் இயல்புக்கேற்ப இவ்வளவு இடத்துக்கிடம் வேறுபடும். எனினும் உண்மையின் போக்கு இதுவே. இதனை மறுதலையாக நோக்கினால் அபாயம் விளங்கும். மேலே 1 அடி நீர் நிலையாகக் குறையுமாயின், கீழே உவர்நீர் 40 அடி மேலெழுதற்கு இடம் உண்டாகிறது. குடாநாடோ தாழ்ந்த நிலம். அதன் நிலத்தடி நீர் கடல்மட்டத்துக்கு மேல் உயர்ந்து நிற்பது சில அடிகளே.

புத்தூரை அடுத்த நிலாவரைக் கேணி இதற்குக் கண்கண்ட சான்றாகும். அடி காணமுடியாத கிணறு என்று ஊரார் சொல்லிவந்த அக்கேணியை அளந்தோர் அதன் அடியைக் கண்டனர். ஆழத்திலே உவர்நீரையும் கண்டனர். மேலே அள்ளிப் பருகினால் நன்னீர். கீழே செல்லச் செல்ல உப்பு. நிலாவரையில் வெளிப்படையாகக் காணப்படும் இந்நிலைமைதான், கண்ணுக்குத் தெரியாமல், குடாநாட்டுத் தோட்டக் கிணறுகள் பலவற்றின் கீழும் இருக்கிறது. ஆகவே, கோடையில் மரக்கறி செய்பவன் செடிக்கு எவ்வளவு நீர் வேண்டும் என்று கேட்பதற்குமுன், கிணறு எவ்வளவு நீர் தரும் என்று கேட்டறிதல் வேண்டும்.

முன்னாளில் இக்கேள்விக்கு விடை தானாகவே கிடைத்தது. அக்காலத்து இறைப்பு துலாவினால் நடைபெற்றது. கிணற்றருகே நாட்டிய ஆடுகால்களிலே நீண்ட துலா பொருத்தப்பட்டிருக்கும். அதன் நுனியிலே கொடியும், கொடியிலே பனையோலைப் பட்டையோ வாளியோ தொங்கும். ஒருவர் அல்லது இருவர் துலாவின்மேல் ஏறி முன்னும் பின்னுமாக நடந்து மிதிப்பர். ஒருவர் கிணற்றடியில் நின்று பட்டையைப் பிடித்து நீரைக் கவிழ்ப்பார். வேறொருவர் மண்வெட்டியோடு வாய்க்கால் வழியே சென்று பாத்திக்குப் பாத்தி தண்ணீர் மாறுவார். வைகறையிலே தொடங்கும் இவ்வேலை வெயில் ஏறுமுன் முடியும். மனிதன் களைக்கும்போது இறைப்பு நிற்கும். இறைப்பு நிற்கும்போது கிணறு ஊறும். கால்வலியே கிணற்றுக்குக் காவலாக இருந்தது.

ஆயினும் துலாவின் பெருமையைப் பேசுவோர், துலா மிதித்தவர்களின் துன்பத்தையும் மறவாது பேசுதல் முறையாகும். கால் வழுக்கி விழுந்தால் எலும்பு முறியும். உயிருக்கும் மோசம் நேரலாம். அவ்வேலையில் ஒரு பெரும்பங்கு தமக்கென நிலமில்லாத கூலியாட்களின் தலையிலே விழுந்தது. நீர் இறைக்கும் இயந்திரம் வந்தபோது கமக்காரர் அதனை மகிழ்ந்து வரவேற்றதில் வியப்பில்லை. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பின் மண்ணெண்ணெய் இயந்திரங்கள் தோட்டந்தோறும் பரவின. 1970க்குப் பின்வந்த ஆண்டுகளில் வெங்காயம், மிளகாய் ஆகியவற்றின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டதால், அவற்றின் விலை உயர்ந்தது; குடாநாட்டுத் தோட்டங்கள் பெருகின. 1977இல் இறக்குமதி திறந்துவிடப்பட்டபோது அவ்விலை சரிந்தது. விலை சரிந்தபோதும் இயந்திர இறைப்பு நிலைத்துவிட்டது, துலாவுக்குத் திரும்பவேண்டும் என்று இன்று எவரும் விரும்பார், விரும்பவும் வேண்டியதில்லை.

ஆனால், துலாவோடு போன காவலுக்கு ஈடாக வேறொரு காவல் வேண்டும். இயந்திரத்துக்குக் கால் வலிப்பதில்லை. சில மணி நேரத்திலே அது கிணற்றின் நீரை அடிமட்டத்துக்கு இறக்கிவிடும். நீர்மட்டம் திடீரெனத் தாழ்ந்த கிணற்றின்கீழே, உவர்நீர் கூம்புபோல மேலெழுந்து வரும். மெல்ல இறைத்த காலத்தில் பக்கங்களிலிருந்து நன்னீர் ஊறி வந்தது. விரைந்து இறைக்கும்போது கீழிருந்து உவர்நீர் ஏறி வருகிறது. ஒரே அளவு நீரையே இரண்டு வேளையாகப் பிரித்து, இடையில் கிணறு ஊறவிட்டு இறைத்தால் இத்தீங்கு பெரிதும் குறையும். இதற்குப் பணச்செலவு இல்லை. பொறுமை மட்டுமே வேண்டும்.

இன்னொரு தீங்கும் உண்டு. அது வாய்க்காலில் தொடங்கிக் கிணற்றில் முடிவது. செம்பாட்டு மண் நீரை விரைவிலே உள்வாங்கும். ஆனால் நெடுநேரம் தாங்கி வைக்காது. பாத்தியில் நீரைத் தளம்பத் தளம்ப நிறுத்தினால், வேருக்கு எட்டிய பங்கு போக, எஞ்சியது கல்லினூடே இறங்கிக் கிணற்றுக்கே திரும்பும். நீர் வீணாகவில்லையே, கிணற்றுக்குத்தானே போகிறது என்று சிலர் எண்ணலாம். போகிற நீர் வெறும் நீராகப் போவதில்லை. பாத்தியில் இட்ட யூரியாவையும் பிற நைதரசன் உரங்களையும் கரைத்துக்கொண்டு போகிறது. அளவுக்கு மிஞ்சிக் குவித்த எருவும் இவ்வாறே கரையும். இதனால் வலிகாமத்துத் தோட்டங்களை அடுத்த கிணறுகள் பலவற்றிலே நைத்திரேற்று மிகுந்திருப்பதை ஆராய்ச்சிகள் காட்டியுள்ளன. குடிநீரில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. அளவு மிஞ்சிய நீரிலே பால்மா கரைத்துக் கொடுத்தால், கைக்குழந்தையின் குருதி ஒட்சிசனைத் தாங்கும் ஆற்றலை இழந்து உடல் நீலம் பாயக்கூடும். அந்நீரைக் கொதிக்கவைப்பதாலும் பயனில்லை. நீர் ஆவியாகக் குறையுமேயன்றி நைத்திரேற்று குறையாது. தோட்டத்துக்கு இறைக்கும் நீரும் வீட்டிலே குடிக்கும் நீரும் ஒரே கல்லின் நீர் என்பதை மறந்தால், தோட்டத்தின் ஆதாயம் தொட்டிலிலே நட்டமாக முடியும்.

இனி, அளவைப்பற்றி நோக்குவோம். வெயிலும் காற்றும் கூடிய ஒரு கோடைநாளில், ஈரமான நிலத்திலிருந்தும் இலைகளிலிருந்தும் ஏறக்குறைய 5 மில்லிமீற்றர் உயரமான நீர் ஆவியாகிப் போகும் என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு சதுர மீற்றர் நிலத்தில் 1 மில்லிமீற்றர் நீர் என்பது 1 லீற்றர். ஒரு பரப்பு நிலம் 10 பேர்ச். அதாவது ஏறக்குறைய 253 சதுர மீற்றர். ஆகவே, ஒரு பரப்புத் தோட்டம் நாளொன்றுக்கு 1,250 லீற்றருக்குச் சற்று மேலான நீரை வானத்துக்குக் கொடுக்கிறது. மூன்று பரப்புச் செய்பவன் ஏறக்குறைய 3,800 லீற்றரை ஈடுசெய்தல் வேண்டும். வாய்க்காலிலும் வரம்பிலும் ஒழுகிப்போவது இதற்குப் புறம்பு. மாசியில் இவ்வளவையும் தந்த கிணறு ஆடியில் இதிற் பாதியைத்தான் நன்னீராகத் தரும் என்றால், அறிவுடைய கமக்காரன் ஆடியிலே ஒன்றரைப் பரப்புக்கு மேற் பயிர் செய்யான். மூன்று பரப்பை வாடவைத்து அரைகுறை விளைவு எடுப்பதிலும், ஒன்றரைப் பரப்பைச் செழிக்கவைத்து முழு விளைவு எடுப்பது மேல். எஞ்சிய நிலம் உழுது கிடந்து, அடுத்த மாரிக்குத் தன்னைத் தயார்செய்துகொள்ளும்.

கிணற்றின் நீரை இவ்வாறு அளந்தபின், மண்ணின் நீரைக் காக்கும் வழியை நாட வேண்டும். எருவிடுதல் உழுதலினும் நன்று, களையெடுத்தபின் பயிரைக் காத்தல் நீர் பாய்ச்சுதலினும் நன்று என்பது திருக்குறளின் உழவு அதிகாரத்திலே காணப்படும் கருத்து. செம்பாட்டு மண்ணுக்கு இது மிகப் பொருந்தும். உக்கிய இலையும் எருவும் கலந்த மண், நீரைப் பஞ்சுபோல ஏற்று மெல்ல மெல்ல வேருக்குக் கொடுக்கும். இதனை அறிந்தே குடாநாட்டார் வன்னியிலிருந்து வண்டி வண்டியாகக் குழை கொணர்ந்து தோட்டத்திலே தாட்டனர். பூவரசு, கிளுவை, வேம்பு, ஆடாதோடை, சீமைக்கிளுவை ஆகியவற்றின் குழைகள் இதற்கு உதவும். வேலியிலும் கூரையிலும் பழுதான பனையோலையையும் வீசிவிடாமல் நிலத்திலே தாட்டனர். பனையோலை மெல்ல உக்குவதால் அதன் பயன் நீடித்து நிற்கும். ஆட்டுப்பட்டியையும் மாட்டுப்பட்டியையும் தோட்டத்திலே மாறி மாறி அடைத்து எருவூட்டினர். இவை யாவும் உரம் மாத்திரமல்ல; கோடைக்கென்று மண்ணிலே கட்டிவைத்த நீர்த்தொட்டிகளும் ஆகும்.

மண்ணின் மேற்பரப்பையும் மறைத்தல் வேண்டும். வெறுமையான செம்மண் நண்பகலிலே கால்வைக்க முடியாத அளவுக்குச் சூடேறும். அச்சூட்டிலே மேல்வேர்கள் கருகும். வைக்கோல், காய்ந்த சருகு, துண்டாக்கிய ஓலை, புல் ஆகியவற்றை நாலு விரற்கடைத் தடிப்பிலே பாத்தியிற் பரப்பினால் மண் குளிர்ந்திருக்கும், ஈரம் நிற்கும், களையும் குறையும். ஆனால் அவை செடியின் தண்டை முட்டாதபடி சற்று விலக்கிப் போடுதல் வேண்டும். அல்லாவிடிற் கறையான் ஏறும். காற்றைத் தடுப்பதும் இதனோடொத்த காரியம். சோளகக் காற்று வெயிலிலும் கொடிதாக நீரை உறிஞ்சும். தென்மேற்குப் பக்கத்திலே கதியால் வேலியோ பனையோலை வேலியோ உயர்ந்து நின்றால், அதன் மறைவிலுள்ள பாத்திகளின் வாட்டம் பெரிதும் தணியும். பழைய ஓலைவேலிகள் மறைப்புக்காக மட்டும் கட்டப்பட்டவையல்ல என்பது, வேலியைப் பிரித்துவிட்டு ஒரு கோடையைக் கண்டவனுக்கு விளங்கும்.

அடுத்தது, பயிரைத் தெரிந்தெடுத்தல். காலமறியாது நட்ட பயிருக்கு எவ்வளவு நீர் ஊற்றினும் பயன் குறைவே. கோவா, கரற், பீற்றூட், போஞ்சி ஆகியவை மாரியின் ஈரமும் மார்கழி, தை மாதங்களின் குளிர்ச்சியும் உள்ளபோதே குடாநாட்டில் நன்கு வரும். தக்காளியும் அத்தகையதே. பகல் வெப்பம் 32 பாகை செல்சியசுக்கு மேலும், இரவு வெப்பம் 21 பாகைக்கு மேலும் நீடித்து நின்றால், தக்காளிப் பூவின் மகரந்தம் நலிந்து பூக்கள் உதிரும். வைகாசியிலே தக்காளிச் செடி பச்சையாய்த் தழைத்துப் பூத்தும் காய்க்கவில்லையே என்று, மேலும் மேலும் நீர் ஊற்றுவோர் உளர். குறை நீரிலன்று, வெப்பத்திலே. வெங்காயமும் மிளகாயும் மாரி கழிந்தவுடன், நிலத்தின் ஈரத்தை வைத்தே காலூன்றத்தக்கவை. கோடையின் நடுவிலே நிலைத்து நிற்கத்தக்கவை கத்தரி, வெண்டி, பயிற்றை, பாகல், புடோல், பூசணி, மரவள்ளி, முருங்கை என்பன. கத்தரியிலே திருநெல்வேலியின் பேச்சுவழக்குப் பெயரைத் தாங்கிய தின்னவேலி ஊதா என்னும் இனம், விவசாயத் திணைக்களத்தின் சிபாரிசு பெற்ற இனங்களுள் ஒன்றாகும். கீரைவகைகளும் கோடையில் வளரும். ஆனால் அவை நாள்தோறும் நீர் கேட்பவை. ஆதலால் கிணற்றருகே சிறு பாத்திகளில் அவற்றை அடக்கிக்கொள்வது நன்று.

நாற்று நடுவதிலும் கோடைக்கென ஒரு முறை உண்டு. நாற்றுமேடைக்குமேற் கிடுகுப்பந்தல் இட்டு, நடுவதற்கு ஒரு வாரத்துக்கு முன்னரே சிறிது சிறிதாக அந்நிழலைக் குறைத்து, நீரையும் குறைத்து, நாற்றை வெயிலுக்குப் பழக்குதல் வேண்டும். நடுகை மாலையிலே நடைபெறல் வேண்டும். நட்டவுடன் வாழைமடலையோ ஓலைத்துண்டையோ மேற்குப்புறமாகச் சாய்த்து நாட்டினால், முதல் நாலைந்து நாள் வெயிலை நாற்று தாங்கிக்கொள்ளும். அந்நாலைந்து நாட்களே பெரும்பாலும் செடி பிழைப்பதையும் பட்டுப்போவதையும் தீர்மானிக்கின்றன.

நீர் பாய்ச்சும் வேளை வைகறையும் மாலையுமே. நண்பகலிற் பாய்ச்சும் நீரிற் பெரும்பங்கு காற்றோடு போகும். எப்பொழுது பாய்ச்சுவது என்பதைச் செடியே சொல்லும். ஆயினும் அது சொல்லும் மொழியைத் தவறாக விளங்கிக்கொள்ளலாகாது. பூசணியின் இலையும் கத்தரியின் இலையும் உச்சிவெயிலிலே சோர்ந்து தொங்குவது இயல்பு. பொழுது சாயும்போது அவை நிமிர்ந்தால் நிலத்தில் ஈரம் உண்டு என்பது பொருள். விடியற்காலையிலும் இலை நிமிராமற் கிடந்தாற்றான் நீர் அவசரமாகத் தேவை. ஐயமாயின் ஒரு சாண் ஆழத்துக்கு மண்ணைத் தோண்டி ஒரு பிடி எடுத்து அமுக்கிப் பார்க்கலாம். பிடித்த வடிவிலே மண் நின்றால் இன்னும் ஒருநாள் பொறுக்கலாம். பொலபொலவென்று உதிர்ந்தால் இறைக்கவேண்டியதுதான்.

எவ்வளவு பாய்ச்சுவது என்பது வேரின் ஆழத்தைப் பொறுத்தது. வெங்காயத்தின் வேர் பெரும்பாலும் மேல் ஓர் அடிக்குள் அடங்கிவிடும். அதற்குச் சிறிது சிறிதாக, அடிக்கடி கொடுத்தல் வேண்டும். மிளகாயும் கத்தரியும் வெண்டியும் அதனிலும் ஆழமாக வேரோடக் கூடியவை. அவற்றுக்கு நாள்தோறும் மேலோட்டமாகத் தெளித்தால் வேரும் மேலோடே தங்கிவிடும். இறைப்பு ஒருநாள் தவறினும் செடி வாடும். இடைவெளி விட்டு, வேர் நிற்கும் ஆழத்துக்கு நனையும்படி பாய்ச்சினால், வேர் ஈரத்தைத் தேடிக் கீழே செல்லும். உரத்தையும் ஒரேமுறையிற் கொட்டாமற் பிரித்துப் பிரித்து இட்டு, இட்டபின் அளவாகவே நீர் பாய்ச்சினால், அது வேரிலே தங்கும்; கிணற்றுக்கு இறங்காது.

இக்காலத்திலே சொட்டுநீர்ப் பாசனமும் தூவல் முறையும் குடாநாட்டுத் தோட்டங்களிலும் இடம்பெற்றுள்ளன. சொட்டுநீர்க் குழாய் வேரடியை மட்டும் நனைப்பதால் வாய்க்காலில் ஒழுகும் நீர் மிஞ்சும். தூவல் முறையைச் சோளகம் வீசும் பகலில் நடத்தினால் மிச்சம் பிடித்த நீரைக் காற்று கொண்டுபோகும். அதனைக் காற்றடங்கிய வேளையிலேயே நடத்துதல் வேண்டும். குழாய் வாங்க வசதியில்லாதோர்க்கு மண்குடம் உதவும். மெருகிடாத குடம் ஒன்றைக் கழுத்தளவு நிலத்திலே புதைத்து, நீர் நிரப்பி மூடிவைத்து, சுற்றிலும் பாகலோ புடோலோ பூசணியோ நட்டால், குடத்தின் சுவரூடே நீர் கசிந்து வேருக்கு வேண்டிய அளவே செல்லும். வீட்டில் அரிசி கழுவிய நீரும், பாத்திரம் அலம்பிய நீரும், கிணற்றடியிற் குளித்த நீரும் வாழைக்கும் மரவள்ளிக்கும் பயன்படும். சவர்க்காரம் மிகுந்த நீரைக் கீரைப் பாத்திக்கு விடாதிருத்தல் நன்று.

இவ்வளவு கவனத்தோடு செய்யினும், கிணறு உவர்க்கத் தொடங்குகிறதா என்பதை ஆண்டுதோறும் கண்காணித்தல் அவசியம். நாவுக்குப் புலப்படுமுன் பயிர் அதனைக் காட்டிவிடும். போஞ்சி, கரற், வெங்காயம் ஆகியவை சிறிதளவு உப்பையும் பொறா. வெங்காயத் தாளின் நுனி காரணமின்றிக் காய்வதும், போஞ்சியிலையின் ஓரம் கருகுவதும் கண்டால், நோயென்று மருந்து தெளிக்குமுன் கிணற்று நீரைப் பரிசோதிப்பித்தல் வேண்டும். தக்காளி ஓரளவு பொறுக்கும். பீற்றூட் அதனிலும் பொறுக்கும். ஆயினும் உப்பைப் பொறுக்கும் பயிரைத் தேடிப்போவது ஒத்திவைப்பே ஆகும். உவர்ப்புக் கண்ட கிணற்றுக்குச் செய்யவேண்டிய முதற்காரியம் இறைப்பைக் குறைத்து, இடைவிட்டு இறைத்து, மாரிமழைக்குக் காத்திருப்பதே. ஒரு மாரியிலே தெளியும் கிணறும் உண்டு. பல மாரிகள் சென்றும் தெளியாத கிணறும் உண்டு.

இது தனியொருவரால் ஆகும் காரியமுமன்று. குடாநாட்டிலே ஒரு கிணற்றுக்குப் பலர் பங்காளிகளாய் இருப்பது பழைய வழக்கம். காணி உறுதிகளிலே நிலத்தோடு கிணற்றுப் பங்கும் வழிவாய்க்கால் உரிமையும் எழுதப்படும். இன்னார் இன்ன நாளில் இறைப்பது என்ற முறையும் உண்டு. அம்முறை தவறினால் வழக்கும் பிணக்கும் உண்டாகும். ஆனால் உறுதியிலே எழுதாத பங்காளிகள் இன்னும் பலர் உளர். வேலிக்கு அப்பாலுள்ள கிணறும், அடுத்த குறிச்சியிலுள்ள கிணறும், கோயிற் கிணறும் பள்ளிக்கூடக் கிணறும் ஒரே நன்னீர்ப் படையிலிருந்தே ஊறுகின்றன. ஒருவர் இரவும் பகலும் இயந்திரம் ஓட்டி ஐந்து பரப்பைப் பச்சையாக வைத்திருந்தால், அப்பசுமைக்குரிய விலையில் ஒரு பகுதியை, ஒரு கத்தரிக்காயும் பறிக்காத அயலவர் உவர்நீராகக் கொடுக்க நேரும். ஆகவே முன்னோர் ஒரு கிணற்றின் பங்காளிகளுக்குள்ளே வகுத்த இறைப்பு முறையை, ஒரு குறிச்சியின் கிணறுகள் யாவற்றுக்கும் விரித்துக்கொள்ளுதல் இக்காலத்துக்கு வேண்டியதாயிற்று. கமக்காரர் அமைப்புகள் வைகாசியிலே கூடி, அவ்வாண்டின் நீர்நிலையை நோக்கி, எவ்வளவு பரப்புச் செய்வது, எந்த வேளையில் இறைப்பது என்று பேசி முடிவுசெய்வது கூடாத காரியமன்று.

இறுதியாக, கோடைத் தோட்டத்தின் வேலை கோடையிலே தொடங்குவதன்று என்பதை மனத்திற் கொள்ளவேண்டும். ஐப்பசி மழை பெய்யும்போது நீர் தெருவிலே பாய்ந்து கடலுக்கு ஓடுமாயின், ஆடியிலே கிணற்றைக் குறைகூறிப் பயனில்லை. தோட்ட வரம்பை உயர்த்திக் கட்டி, விழுந்த மழை விழுந்த இடத்திலேயே இறங்கச் செய்தல் வேண்டும். குடாநாடெங்கும் ஊர்தோறும் குளங்கள் இருக்கின்றன. அவை குளிப்பதற்கும் மாடுகள் நீர் அருந்துவதற்கும் மாத்திரம் தோண்டப்பட்டவையல்ல. மழைநீரைத் தேக்கிக் கிணறுகளை ஊறச்செய்தற்கும் உதவுவன. அவற்றுட் பல தூர்ந்தும் குப்பை நிறைந்தும் கிடக்கின்றன. ஆவணி, புரட்டாதியிலே, நிலம் காய்ந்து வேலை குறைந்திருக்கும் நாட்களில், ஊரார் கூடித் தம் குளத்தைத் தூரெடுத்தும், நீர் வரும் வாய்க்காலைத் திறந்தும் வைப்பாராயின், அந்நீர் கண்ணுக்குத் தெரியாமற் கல்லினூடே சென்று சேரும்.

மறுவைகாசியிலே ஒருவன் தன் தோட்டத்திற் கிடுகு மறைப்பிலே கத்தரி நாற்றை நட்டு, அதற்குக் கிணற்றிலிருந்து ஒரு வாளி நீர் அள்ளி வார்க்கும்போது, அது முந்திய கார்த்திகையில் அவ்வூர் முழுவதும் சேர்ந்து சேமித்த நீராகும். அந்த ஒரு வாளியைப் போதுமென்று கண்டு, அடுத்த வாளியைக் கிணற்றிலேயே விட்டுவைக்கத் தெரிந்தவனுடைய தோட்டம் கோடையைக் கடக்கும். அவன் வீட்டுக் குடத்திலும் நன்னீர் இருக்கும்.